டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு மாறினேன்: பாடியின் விலையோடு முடியாத கணக்கு

உள்ளே கண்ணாடி எழும்பி விழும் டிஎஸ்எல்ஆர் கேமராவிலிருந்து, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவின், விலையைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். எல்லாம் முடிந்து கணக்குப் போட்டபோது, பாடிக்குக் கொடுத்ததில் முக்கால் பங்குக்குச் சமமான இன்னொரு தொகை பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்டும் அடாப்டர், பேட்டரி, கார்டு, ஒரு லென்ஸ், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் ட்ரிக்கர் என்று தனியாகப் போயிருந்தது. அது போக, ஒரு நிகழ்ச்சியில் எடுத்த படங்களில் பாதி உபயோகமில்லாமல் போய், பேசிய கூலியைக் குறைத்து வாங்கவேண்டி வந்தது. இதில் எதுவுமே ரகசியமான விஷயம் இல்லை. எல்லாம் கையேடுகளிலும் நிறுவனங்கள் வெளியிடும் பட்டியல்களிலும் இருப்பவைதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால், ஒரே மூச்சில், எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது எந்தப் பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை. விவரம் மாறுமே தவிர, எந்தப் பிராண்டில் மாறினாலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வகையில் வரும். புரிவதற்காகச் சில மாடல்களை மட்டும் உதாரணமாகச் சொல்கிறேன்.

நான் முழுநேரப் படக்காரன் இல்லை. மேடை நாடகங்கள், சிறிய விழாக்கள், ஆட்களின் உருவப்படங்கள் என்று பக்க வருமானத்துக்காக எடுக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு விஷயங்கள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தன. முதலாவது சத்தம். நாடகத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் இடத்தில் கண்ணாடி மேலே எழும்பி விழும் அந்த ஓசை எட்டு வரிசைக்குக் கேட்கும். நல்ல முகபாவம் வரும் நேரமும் அமைதியான நேரமும் ஒன்றாகவே வரும் என்பதால் பல தடவை விரலை அழுத்தாமலே விட்டிருக்கிறேன். இரண்டாவது ஃபோகஸ். 85 மிமீ லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8 என்று அகலத் திறந்து உருவப்படம் எடுத்தால், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் நிற்கும். கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்போது வரும் சோர்வு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஃபோகஸ் பிரச்சினைக்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் படத்தைப் பதிவது ஒரு சென்சார், ஃபோகஸைக் கணக்கிடுவது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வேறொரு சென்சார். இரண்டுக்கும் வரும் ஒளி பயணிக்கும் தூரம் துல்லியமாகச் சமமாக இருக்கவேண்டும். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போகும். மிரர்லெஸ்ஸில் படத்தைப் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. அதனால் அந்த வகைப் பிழை அங்கே எழுவதில்லை. இதைப் படித்ததும் மாறிவிடவேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் இங்கே நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். நடுத்தர ரக டிஎஸ்எல்ஆர்களிலும் அதற்கு மேலும் பெரும்பாலும் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) ஃபைன் டியூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு வசதி இருக்கும். ஒரு அளவுகோலைச் சாய்வாக வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரு மாலை நேரம் போதும், செலவே இல்லை. என் 85-க்கு அதைச் செய்தபோது பாதிப் பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்டது. மாறுவதைப் பற்றி யோசிக்கும் யாரும் இதை முதலில் செய்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் டிஎஸ்எல்ஆரை லைவ் வ்யூவில், அதாவது பின்திரையில் பார்த்து எடுக்கும் முறையில், போட்டால் கண்ணாடி மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட ஒரு மிரர்லெஸ் கேமராதான். அப்படியே ஒரு வாரம் படம் எடுத்துப் பார்த்தால், திரையில் பார்த்து எடுப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எனக்குத் தீராமல் நின்றது சத்தம். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்று எங்கு திரும்பினாலும் பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2020-ல்தான் உலக அளவில் அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரை முதன்முறையாகத் தாண்டியது. கேனனின் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கானின் டி6 இரண்டும் 2020-ல் வந்தவை. அதன் பிறகு அந்த இரண்டு நிறுவனங்களும் அந்த உயர்ரக வரிசையில் புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் டிஎஸ்எல்ஆரில் உறுதியாக நிற்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டுக் கையில் இருக்கும் கேமராவைப் பார்த்தால் அதன் ஆயுளே முடிந்துவிட்டது போலத் தோன்றும். எனக்குத் தோன்றியது, தூக்கமும் கெட்டது. ஆனால் புது மாடல் வராததால் பழைய மாடல் எடுக்கும் படம் மோசமாகிவிடாது. கேட்கவேண்டிய உருப்படியான கேள்வி ஒன்றுதான்: என் மாடலுக்கு உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் இன்னும் கிடைக்கிறதா? சேவை மையத்துக்கு ஒரு போன் போட்டால் பதில் வந்துவிடும். எனக்குக் கிடைக்கிறது என்றே பதில் வந்தது. பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, சத்தத்துக்காக மட்டும் மாறலாமா என்று யோசிக்க அதன் பிறகுதான் முடிந்தது.

இப்போது லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மிரர்லெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டி இல்லாததால் லென்ஸ் சென்சாருக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் (லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம்தான் மவுண்ட்) மவுண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 46.5 மிமீ. புது இசட் மவுண்டில் வெறும் 16 மிமீ. கேனனில் இஎஃப் 44 மிமீ, ஆர்எஃப் 20 மிமீ. சோனியின் இ மவுண்ட் 18 மிமீ. இந்த இடைவெளியை நிரப்பும் ஒரு குழாய்தான் அடாப்டர். அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, ஆகவே படத்தின் தரம் குறைவதில்லை. பழைய லென்ஸெல்லாம் அடாப்டர் போட்டால் வேலை செய்யும் என்று சொல்பவர்கள் இந்த அளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை: ஃபோகஸைச் சுழற்றும் மோட்டார் எங்கே இருக்கிறது?

கேனன் 1987-ல் தன் பழைய மவுண்டை விட்டுவிட்டு இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோது மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. அதனால் இஎஃப் லென்ஸ்கள் இன்றைக்கும் ஆர் வரிசை கேமராக்களில் அடாப்டர் வழியாகத் தானே ஃபோகஸ் செய்கின்றன. நிக்கான் 1959-ல் தொடங்கிய எஃப் மவுண்டை மாற்றாமல் தொடர்ந்தது. அதன் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் பல வருடங்களுக்கு மோட்டார் கேமரா பாடிக்குள் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனை போன்ற ஒரு சிறு கம்பி பாடியிலிருந்து நீண்டு லென்ஸைத் திருகும். ஏஎஃப், ஏஎஃப்-டி என்று பெயர் தொடங்கும் லென்ஸ்கள் அப்படிப்பட்டவை. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது, கம்பியும் கிடையாது. மோட்டாரைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் அதில் தானே ஃபோகஸ் செய்யும், ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருகவேண்டும். நிறுவனம் இதை மறைக்கவில்லை, பட்டியலில் தெளிவாகவே போட்டிருக்கிறது. வேறு நிறுவனத்தார் தயாரித்த பழைய லென்ஸ்களில் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பித்தால்தான் அடாப்டரில் சரியாக ஓடும். சிலவற்றைப் புதுப்பிக்கவே வழி இருக்காது. ஆகவே உங்களிடம் இருக்கும் லென்ஸ்களின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அடாப்டரின் பொருந்தும் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினால்கூட விடை மாறும்.

என்னிடம் இருந்த 85 பாடி மோட்டாரை நம்பிய லென்ஸ். என் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வந்தது. மிரர்லெஸ்ஸில் அது கையால் திருகும் லென்ஸாக மாறிவிட்டது. உட்கார்ந்து போஸ் கொடுப்பவர்களுக்கு அது ஒத்துவரும். மேடையில் நகர்ந்துகொண்டே இருக்கும் நடிகருக்கு ஒத்துவராது. புது மவுண்டில் அதே 85 வாங்கவேண்டியதாயிற்று. பாடிக்கு அடுத்தபடியாக அதிகம் செலவானது அதற்குத்தான். எடை குறையும் என்ற ஆசையும் அடாப்டரால் பாதி போய்விட்டது. உதாரணத்துக்கு, நிக்கானின் டி750 டிஎஸ்எல்ஆர் பேட்டரி, கார்டோடு 840 கிராம். அதன் இசட்6 மிரர்லெஸ் 675 கிராம். பார்க்க நல்ல வித்தியாசம்தான். ஆனால் 135 கிராம் எஃப்டிஇசட் அடாப்டரைச் சேர்த்தால் 810 ஆகிவிடுகிறது. பழைய லென்ஸையே போட்டால் கைக்கு மிச்சமாவது 30 கிராம். எடைக்காக மாறுகிறவர்கள் லென்ஸையும் சேர்த்து மாற்றும் பட்ஜெட் வைத்திருக்கவேண்டும்.

எந்த லென்ஸை மாற்றுவது என்று குழம்பியபோது எனக்கு உதவியது என் பழைய படங்கள்தான். ஒவ்வொரு ஃபைலிலும் எந்த ஃபோகல் லென்த் (85 மிமீ போன்ற அளவு), எந்த அபெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) என்ற விவரம் பதிவாகியிருக்கும். எடிட்டிங் மென்பொருளில் அதை வைத்து வடிகட்டிப் பார்க்கலாம். நான் கட்டாயம் வேண்டும் என்று நினைத்திருந்த அகலக்கோண லென்ஸை வருடக்கணக்கில் தொடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை விற்றேன், புது மவுண்டில் வாங்கவும் இல்லை. இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் போயிருந்தால் இன்னொரு லென்ஸின் விலையும் சேர்ந்து போயிருக்கும்.

விற்பனை ஒரு தனி வேதனை. கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டால் வேலை சுலபம், ஆனால் அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். நான் மனதில் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் டிஎஸ்எல்ஆரை விற்கிறார்கள், அதனால் விலை அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், அது பொய்யும் இல்லை. பிறகு ஆளிடம் நேரடியாக விற்றேன். பாடியையும் லென்ஸையும் சேர்த்து விற்காமல் தனித்தனியாகப் பிரித்து விற்றபோது கூடுதலாகக் கிடைத்தது. பாடியின் மதிப்பு வேகமாக இறங்கும், நல்ல லென்ஸின் மதிப்பு மெதுவாகத்தான் இறங்கும். பெட்டி, சார்ஜர், பட்டை, மூடி எல்லாம் இருந்தால் பேரம் சீக்கிரம் முடிகிறது. ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கேமரா அதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை, முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு நீளாது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், அதற்காக இன்றும் சந்தோஷப்படுகிறேன்: புது கேமராவில் சில வேலைகளை முழுசாக முடிக்கும் வரை பழைய பாடியை விற்கவில்லை. ஏன் என்று அடுத்துச் சொல்வதைப் படித்தால் புரியும்.

நான் வாங்கியதும் செகண்ட் ஹேண்ட்தான். டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது பார்ப்பவற்றோடு சிலவற்றைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும். அபெர்ச்சரை எஃப்/16-ல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் புள்ளியாகவும் கோடாகவும் தெரியும். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில வினாடிகள் எக்ஸ்போஸ் செய்தால் கெட்டுப்போன பிக்சல்கள் தெரியும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் திரை அதற்கு உடனே மாறுகிறதா என்று பாருங்கள். ஃபிளாஷ் பொருத்தும் ஷூவில் ஒரு ஃபிளாஷை மாட்டி அடித்துப் பாருங்கள். கேமராவை அணைத்துவிட்டு ஆட்டும்போது உள்ளே ஏதோ ஆடுவது போலக் கேட்டால் பயப்படவேண்டாம், சென்சாரையே அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் மாடல்கள் பலவற்றில் அது இயல்பு.

சரி, முதல் வேலைக்கு வருகிறேன். ஒரு நாடகம். இந்தச் சத்தத்துக்காகத்தானே மாறினோம் என்று சைலன்ட் மோடைப் போட்டு, முழு நாடகத்தையும் அதிலேயே எடுத்தேன். ஓசையே இல்லை. பக்கத்தில் இருந்தவர் நான் படம் எடுப்பதையே கவனிக்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி. வீட்டில் கணினியில் திறந்தபோது, எல்இடி விளக்கு இருந்த காட்சிகள் அத்தனையிலும் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். சிலவற்றில் மெல்லியதாக, சிலவற்றில் முகத்தின் மேலேயே. நடிகரின் கை வேகமாக வீசிய இடத்தில் கை வளைந்து நிற்கிறது. கேமரா பழுதானது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். இரவெல்லாம் தூங்கவில்லை. குழுவினரிடம் பாதிப் படங்கள் இல்லை என்று சொன்ன அந்தப் பேச்சு என் வாழ்க்கையில் நான் மறக்க விரும்பும் பேச்சுகளில் ஒன்று.

கேமராவில் எந்தப் பழுதும் இல்லை. சைலன்ட் மோடில், சென்சாரைத் திறந்து மூடும் இயந்திர ஷட்டர் வேலை செய்வதில்லை, சென்சார் தன் வரிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிக்கிறது. சாதாரண சென்சாருக்கு இப்படி முழுப் படத்தையும் படித்து முடிக்க ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில் நேரம் ஆகலாம். மின்சாரத்தில் ஓடும் விளக்குகள் பல, மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 100 தடவையும் 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 தடவையும் கூடிக் குறைகின்றன. சென்சார் படித்து முடிப்பதற்குள் விளக்கு ஐந்து தடவை மங்கிவிட்டால் படத்தில் ஐந்து பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/120 அல்லது 1/60 என்று, விளக்கின் துடிப்போடு பொருந்தவைத்தால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். மேடை எல்இடிகள் சில இதைவிடப் பல மடங்கு வேகத்தில் துடிப்பவை, அவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே இயந்திர ஷட்டருக்கே திரும்பவேண்டும். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி அடிக்கும் ஓசை இல்லாததால் இயந்திர ஷட்டரே பழைய கேமராவைவிட அமைதியாகத்தான் இருக்கிறது. நான் இப்போது நாடகங்களை அதில்தான் எடுக்கிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் பிரச்சினை மிகக் குறைவாக உள்ள, அல்லது இல்லவே இல்லாத சென்சார்களும் உண்டு. 2017-ல் வந்த சோனி ஏ9-ல் மிக வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார் இருந்தது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் இயந்திர ஷட்டரே கிடையாது. 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 3 எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிகிறது. இவை விலை உயர்ந்த கேமராக்கள். சைலன்ட் ஷட்டர் என்ற சொல் விலை குறைந்த கேமராவின் விளம்பரத்திலும் இருக்கும், இவற்றின் விளம்பரத்திலும் இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. சத்தத்துக்காக மாறுகிறவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தாங்கள் வழக்கமாக வேலை செய்யும் விளக்கின் கீழேயே சோதித்துப் பார்க்கவேண்டும். கடையில் இருக்கும் விளக்கு வேறு, மேடை விளக்கு வேறு.

மேடையைப் பற்றிப் பேசும்போது லேசரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பணம் மொத்தமாகப் போகும். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது, படம் எடுக்கும் அந்தக் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் சென்சாரைக் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்திருக்கும். மிரர்லெஸ்ஸில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் சென்சார் திறந்தே இருக்கிறது. நேராக வரும் லேசர் கதிர் அதன் பிக்சல்களை நிரந்தரமாகக் கெடுத்துவிடும், படத்தில் கோடு விழுந்துவிடும். லேசர் இருக்கும் நிகழ்ச்சி என்றால் கதிர் பார்வையாளர் பக்கம் எந்தத் திசையில் வீசும் என்று முன்கூட்டியே விளக்குக்காரரிடம் கேட்டுவிட்டு என் இடத்தைத் தேர்ந்துகொள்கிறேன். வீசும் நேரத்தில் மூடி போட்டுவிடுகிறேன்.

ஃபிளாஷ் இன்னொரு திகைப்பு. ஸ்டூடியோ விளக்குகளை அமைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/160 என்று வைத்து வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. எதிரே ஆள் நிற்கிறார், எனக்கு எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. மின்னணு வ்யூஃபைண்டர் படம் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே காட்டுகிறது. ஃபிளாஷ் வெளிச்சம் வரப்போவது அதற்குத் தெரியாது. சில மாடல்கள் தங்கள் நிறுவனத்து ஃபிளாஷைப் பொருத்தியதும் தானே திரையைப் பிரகாசமாக்கிக்கொள்ளும். சாதாரண ட்ரிக்கரை அவை அடையாளம் காண்பதில்லை. மெனுவில் இந்த முன்காட்டலை அணைக்கும் வழி இருக்கிறது. நிக்கானில் அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வ்யூ, கேனனில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்ற பெயரில் தேடுங்கள். ஒரு பட்டனுக்கு ஒதுக்கிவைத்துக்கொண்டால் நல்லது. சைலன்ட் மோடில் பல கேமராக்களில் ஃபிளாஷே அடிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிளாஷின் முகப்பில் இருந்து இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் சிவப்பு ஒளிக்கட்டம் மிரர்லெஸ் பாடிகள் பலவற்றில் வேலை செய்வதில்லை. அரையிருட்டில் நடனம் ஆடும் இடங்களில் அதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. அங்கே விளிம்பு தெளிவாகத் தெரியும் இடத்தைத் தேடி ஃபோகஸ் வைக்கப் பழகவேண்டியிருந்தது. என் பழைய ட்ரிக்கர் புதுப் பாடியோடு ஒத்துப்போகவில்லை, ஃபர்ம்வேர் புதுப்பிக்கவும் வழி இல்லை. அதையும் மாற்றினேன்.

பேட்டரிக்கு எண்களே போதும். சிபா அளவீட்டில் டி750 ஒரு சார்ஜில் 1,230 படம், இசட்6 310 படம். நடைமுறையில் மிரர்லெஸ் இந்த எண்ணைவிட நிறையவே எடுக்கும், ஏனென்றால் அதில் செலவை நிர்ணயிப்பது படங்களின் எண்ணிக்கையைவிடத் திரை எரியும் நேரம்தான். ஆனால் காத்திருந்து எடுப்பவர்களுக்கு, பறவை எடுப்பவர்களுக்கு, இது உல்டாவாகிவிடும். ஒரு படமும் எடுக்காமலே பேட்டரி இறங்கும். கழுத்தில் தொங்கும் கேமராவின் வ்யூஃபைண்டர் உணரி சட்டையைக் கண் என்று நினைத்துத் திரையை எரியவிடுவதும் நடக்கும். வேலை இடைவெளியில் அணைத்துவிடும் பழக்கம் எனக்கு வருவதற்குள் ஒரு விழாவின் முக்கியமான நேரத்தில் கேமரா செத்துப்போனது. அன்று காப்பாற்றியது விற்காமல் வைத்திருந்த அந்தப் பழைய டிஎஸ்எல்ஆர்தான். மூன்று பேட்டரியாவது கணக்கில் சேருங்கள். பழைய பேட்டரியே பொருந்தும் என்றாலும் விவரத்தைப் பாருங்கள்: நிக்கானின் இஎன்-இஎல்15 இசட்6-ல் பொருந்தி ஓடும், ஆனால் கேமராவுக்குள் வைத்தே யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்ய இஎன்-இஎல்15பி அல்லது சி வேண்டும். கார்டும் அப்படித்தான். சில மாடல்களுக்கு எஸ்டி கார்டு போதாது, எக்ஸ்க்யூடி அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ் வாங்கவேண்டும், அதற்கென்று கார்டு ரீடரும் வேண்டும்.

தூசியைப் பற்றிச் சுருக்கமாக: லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் அப்படியே வெளியே தெரியும். அணைத்துவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, மாட்டவேண்டிய லென்ஸைத் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கையால் அழுத்தும் ப்ளோயர் போதும், அழுத்தக் காற்று டப்பா வேண்டாம்.

கடைசியாக எதிர்பாராத செலவு கணினியில் வந்தது. நான் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய எடிட்டிங் மென்பொருள் புது கேமராவின் ரா ஃபைல்களை (சென்சார் பதிந்தபடியே இருக்கும் பதப்படுத்தாத கோப்புகளை) திறக்கவே இல்லை. மென்பொருள் வந்த பிறகு வந்த கேமராவை அது எப்படி அறியும்? மாதச் சந்தா கட்டவேண்டியதுதான் என்று முதலில் நினைத்து, சில மாதங்கள் கட்டவும் செய்தேன். பிறகுதான் அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம் என்றும், புது ரா ஃபைல்களை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தால் பழைய மென்பொருள் திறக்கும் என்றும் தெரிந்தது. வேலை ஒரு படி கூடுகிறது, பணம் மிச்சம். டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. வாங்கப்போகும் மாடலின் ஒரு மாதிரி ரா ஃபைலைத் தேடி எடுத்து உங்கள் கணினியில் திறக்கிறதா, எவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று முன்பே பார்த்துவிடலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மாறியதற்கு வருத்தப்படுகிறேனா என்றால் இல்லை. கண்ணைத் தானே கண்டுபிடித்து, ஆள் சட்டகத்தின் ஓரத்துக்குப் போனாலும் விடாமல் பிடிக்கும் ஃபோகஸ், எஃப்/1.8-ல் எடுத்த உருவப்படங்களை நம்பிக்கையோடு கொடுக்கவைத்திருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் புள்ளிகள் நடுவில் குவிந்திருந்ததால் ஃபோகஸ் வைத்துவிட்டுச் சட்டகத்தை நகர்த்தவேண்டியிருந்தது, அந்த நகர்த்தலிலேயே பாதிப் பிழை வந்தது. மேடையில் ஒளி நொடிக்கு நொடி மாறும்போது, எடுப்பதற்கு முன்பே முகம் வெளுக்கிறதா என்று வ்யூஃபைண்டரிலேயே தெரிவது பெரிய வரம். கையால் திருகும் லென்ஸாகிவிட்ட அந்தப் பழைய 85-ஐக்கூட வ்யூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் வைக்கும்போது முன்பைவிடக் கூர்மையான படங்கள் வருகின்றன. அதை நான் விற்கவில்லை.

மாறலாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் இப்போது ஒரு கேள்விதான் கேட்கிறேன்: உங்கள் கேமராவால் எந்தப் படம் உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது? ஃபோகஸ் தவறும் உருவப்படம், ஓசையால் எடுக்க முடியாத காட்சி, வீடியோ என்று குறிப்பாக ஒரு பதில் வந்தால் மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. பதில் தெளிவாக வராதவர்களுக்கு, எல்லோரும் விற்றுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன, அந்தப் பணத்தில் ஒன்றை வாங்கிக்கொள்வது படத்தில் அதிக வித்தியாசம் காட்டும். இயற்கைக் காட்சிகளை முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு மாறியே ஆகவேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. மாறுவதென்று முடிவானால், பாடியின் விலையை எழுதி அதன் கீழே அடாப்டர், கட்டாயம் மாற்றவேண்டிய லென்ஸ், இரண்டு கூடுதல் பேட்டரி, கார்டும் ரீடரும், ட்ரிக்கர், மென்பொருள் என்று வரிசையாகப் போட்டுக் கூட்டுங்கள். பழையதை விற்று வரும் பணத்தை அதில் கழிக்காதீர்கள், அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது கையில் வரும் வரை தெரியாது. அந்தக் கூட்டுத்தொகை இப்போது கட்டுப்படியாகவில்லை என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் பாடிகளின் விலையும் அதற்குள் இறங்கியிருக்கலாம்.